பற்றும் இல்லை, பகையும் இல்லை

எங்கள் அறக்கட்டளையின் வேலை, லிங்கன்ஷயர் குக்கிராமங்களில் இருக்கும் தேவாலயங்களின் கூரை விழாமல் பார்த்துக்கொள்வது. கூரைக்குக் கீழே ஆள் வந்து உட்காருகிறார்களா என்பது எங்கள் கவலை இல்லை, அது ஆண்டவரின் இலாகா. ஆறு பேரும் ஒரு நாயும் ஆராதனைக்கு வருகிற இடத்துக்கு அறுபதாயிரம் பவுண்டு கொடுத்திருக்கிறோம். அந்த நாய் இப்போது உயிரோடு இல்லை.

நான் லோர்னா டௌஸ். பன்னிரண்டு வருஷமாக இதில் அறங்காவலர். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. சேரும்போதே சொல்லிவிட்டேன். "அதனால என்ன, அனுப்பற அறிக்கையெல்லாம் படிப்பீங்கல்ல?" என்று கேட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் நிதிப் பொறுப்பைப் பார்த்தவள் நான். படிப்பேன் என்றேன். மற்ற பத்துப் பேரும் நம்பிக்கை உள்ளவர்கள். அறிக்கை வந்த உறையைக் கூட்டத்துக்கு வந்து காரை நிறுத்திய பிறகுதான் கிழிப்பார்கள்.

எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. பொருளாளர் எட்வின் லீக் பதினோரு லட்சம் பவுண்டின் மேல் உட்கார்ந்து அடைகாக்கிறார். ஆபத்துக்கு என்று ஒதுக்கி வைத்த பணமாம். கூரை விழுவது ஆபத்து இல்லையா என்று கேட்டால், "இதைவிடப் பெரிய ஆபத்து வந்துட்டா என்ன பண்றது?" என்பார். இன்னும் என்ன வர வேண்டும், உலகத்தின் கடைசி நாளா? அன்றைக்கும் எட்வின் வட்டி விகிதம் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

போன வருஷம் ஜெர்வஸ் பிம் தலைவரானார். லண்டனில் வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்று, வாத்து வளர்க்கலாம் என்று இங்கே வந்தவர். வந்தவர் வாத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் நடைமுறைகளைப் பார்த்து அரண்டுபோய், வசந்த காலக் கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தார். விண்ணப்பத்தோடு எந்த வகையிலாவது தொடர்புள்ள அறங்காவலர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். விண்ணப்பம் கொண்டுவருகிறவர் மேல் பற்றோ பகையோ இருந்தாலும் வெளியேற வேண்டும். மிஞ்சியவர்கள் மூன்று பேருக்குக் குறைந்தால் முடிவு செல்லாது. இதை வழிமொழிந்தது வேறு யாருமில்லை, நான்தான். ஒழுங்கு என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

லண்டனுக்கு அது நல்ல விதிதான். இங்கே யாருக்கு யார் சொந்தம் என்று கேட்பதைவிட, யாருக்கு யார் சொந்தமில்லை என்று கேட்டால் சீக்கிரம் முடியும். இது பிம்முக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் தோன்றவில்லை.

செப்டம்பர் கூட்டத்தில் ஒரே ஒரு பெரிய விண்ணப்பம். ஸ்கெல்பி ஃபென் தேவாலயம். பிப்ரவரியில் திருடர்கள் வேன் கொண்டுவந்து கூரையின் ஈயத் தகட்டை முழுசாகச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து மேலே தார்ப்பாய்தான். நாற்பத்தெட்டாயிரம் பவுண்டு வேண்டும். மாதக் கடைசிக்குள் அந்தத் தொகைக்கு யாராவது எழுத்தில் உறுதி தராவிட்டால் தேவாலயத்தை நிரந்தரமாக மூடிவிடுவதாக மறைமாவட்டம் கடிதம் அனுப்பியிருந்தது. எங்கள் அடுத்த கூட்டம் டிசம்பரில். ஆக, இன்றைக்கு இல்லையென்றால் இல்லை.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர் அந்தத் தேவாலயத்தின் பொறுப்பாளர் ராய்ஸ் டௌஸ். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு வரை என் கணவன்.

அவன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு பெண் பின்னால் போகவில்லை. ஸ்கெல்பி ஃபென் பின்னால் போனான். எங்கள் வீட்டுக் குளியலறைக் கூரை மூன்று வருஷம் ஒழுகியது. அவன் சனிக்கிழமை தோறும் ஏணியைத் தூக்கிக்கொண்டு அங்கே கூரையின் மழைநீர்க் குழாயில் காக்கைக் கூடு எடுக்கப் போவான். ஒருநாள் நான் குடை பிடித்துக்கொண்டு குளித்தேன். மறுநாள் பெட்டியைக் கட்டினேன். இதை இந்த மாவட்டத்தில் நான் சொல்லாத கடை இல்லை. ஸ்கெல்பி ஃபென் பக்கம் மட்டும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

கூட்டம் கிராம மண்டபத்தில் நடந்தது. மண்டபத்துக்கும் சமையலறைக்கும் நடுவே டீ எடுத்துக் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் கதவு சரியாக மூடாது. வெளியே கொட்டுகிற மழையில் வெளியேறுகிறவர்கள் போக வேறு இடமில்லை, சமையலறைதான்.

ராய்ஸுக்குப் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முன்பைவிட இளைத்திருந்தான்.

"உள்ள மழை பேயுது," என்றான். "வாளி வெச்சிருக்கேன். பதினாலு வாளி. இப்போ வாளியும் பத்தலே." அப்புறம் கொஞ்சம் யோசித்தான். "மூடிட்டாங்கன்னா காலைல எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியலே. அவ்வளவுதான்."

நாலு நிமிஷத்துக்கு மேல் மிச்சம் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டான். அவன் சொன்னது நிஜம்தான். அவனுக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

பிம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "தொடர்பு உள்ளவங்க சொல்லுங்க."

அன்று வந்திருந்தது ஏழு பேர். முதலில் பாதிரியார் கேனன் டியூக் எழுந்தார். அவர் பார்த்துக்கொள்ளும் பதினொரு ஊர்களில் அதுவும் ஒன்று. போனார். என் தோழி ரோசலிண்ட் எப்டன் எழுந்தாள். "என் ஆடுங்க அங்க கல்லறைத் தோட்டத்துல மேயுது. வாடகை கிடையாது." போனாள். பிலிப்பா பிராக்கன்பரி அம்மாள் எழுந்தார். "எங்க கொள்ளுத் தாத்தாவோட பளிங்குச் சிலை அங்கதான் இருக்கு. தண்ணி நேரா அவர் மூக்கு மேலதான் சொட்டுது." அவரும் போனார்.

எட்வின் லீக் உட்கார்ந்தே இருந்தார். அப்பாடா என்று நினைத்தேன்.

"எனக்கும் ராய்ஸுக்கும் ரெண்டாயிரத்துப் பதினாறுல, யார் பூசணிக்காய் பெருசுங்கற போட்டியில தகராறு," என்றார். "இன்னும் பேசறதில்லே. பகைன்னும் விதியில இருக்கு."

"பூசணிக்காய்க்கா?" என்றார் பிம்.

"அவன் அதுக்குப் பால் ஊத்தி வளர்த்தான் சார்! நான் மன்னிக்கறதா இல்லே."

எட்வினும் போனார். சமையலறையில் கேக் வெட்டுகிற சத்தம் கேட்டது. முடிவெடுக்க வேண்டியவர்களும் விண்ணப்பித்தவனும் அங்கே ஒன்றாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பகையாளியும் கூட. அறையில் மூன்று பேர்தான் மிச்சம்.

பிம். நான். வில்ஃப் பிளேட்ஸ். வில்ஃபுக்கு எண்பத்தொரு வயது, மெதடிஸ்ட் சபைக்காரர். "எனக்கு இந்த ஆங்கிலிக்கன்காரங்க கூரை எல்லாமே ஒண்ணுதான். விழுந்தாலும் ஒண்ணுதான்," என்றார். பிம் அதைத் தொடர்பின்மைக்கு மிகச் சிறந்த உதாரணமாகக் குறித்துக்கொண்டார்.

பிறகு தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"மிஸஸ் டௌஸ். விண்ணப்பத்துலயும் டௌஸ்னு இருக்கே?"

சமையலறையில் கேக் வெட்டுகிற சத்தம் நின்றது.

"முன்னாள் கணவன்," என்றேன். "விவாகரத்தாகிப் பத்தொன்பது வருஷம் ஆச்சு."

"பேரை ஏன் மாத்திக்கலே?"

"பாங்க், பாஸ்போர்ட், லைசென்ஸ்னு யாருங்க அலையறது?"

இந்தப் பதிலையும் நான் பல கடைகளில் சொல்லியிருக்கிறேன். நல்ல பதில். யாரும் மறுகேள்வி கேட்டதில்லை.

பிம் விதியை விரலால் தடவித் தடவிப் படித்தார். "விவாகரத்து ஆயிட்டா சட்டப்படி குடும்பத்துல சேராது. அது சரி. ஆனா பற்றோ பகையோ இல்லேன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். மினிட் புக்ல, கூட்டக் குறிப்போட ஒட்டி வெச்சுடுவேன். நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது பாருங்க."

பற்றும் கூடாது, பகையும் கூடாது. இப்படிப் பார்த்தால் எங்கள் அறக்கட்டளையில் முற்றும் துறந்த முனிவர்தான் ஓட்டுப் போட முடியும். அவர் காட்டில் இருப்பார், கூட்டத்துக்கு வர மாட்டார்.

"எழுத முடியலேன்னா?" என்று கேட்டேன்.

"நீங்க வெளிய போகணும். அப்புறம் ரெண்டே பேர். விண்ணப்பம் டிசம்பருக்குப் போகும்."

"டிசம்பர்ல சர்ச்சே இருக்காது."

"வருத்தம்தான்," என்றார் பிம். நல்ல மனுஷன். நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் விதி விதிதான். இதே முகத்தை நான் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவை எடுத்தேன். 'ராய்ஸ் டௌஸ் மீது எனக்கு' என்று எழுதினேன். அதுவரை சுலபமாக வந்தது.

பத்தொன்பது வருஷமாக நான் வாய் வலிக்கச் சொன்ன விஷயம் இது. அந்த ஆள் எனக்கு ஒன்றுமே இல்லை என்று தபால் நிலையத்தில் சொல்லியிருக்கிறேன், பல் மருத்துவரின் நாற்காலியில் வாயில் பஞ்சோடு சொல்லியிருக்கிறேன். காசா பணமா, சொல்லிக்கொண்டே இருக்கலாம். இப்போது ஒரே ஒரு தடவை எழுத வேண்டியிருந்தது, கை ஓடவில்லை. பதினாலு வாளியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே கொட்டுகிற மனுஷன் கண்ணுக்கு முன்னால் நின்றான். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அந்த வாளிகளில் ஒன்றையாவது எங்கள் குளியலறையில் வைத்தானா, பாவி!

"என்னம்மா, எழுத்து மறந்துபோச்சா?" என்றார் வில்ஃப்.

சின்ன ஜன்னலின் இடுக்கில் ரோசலிண்டின் ஒரு கண் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு தொப்பி.

"படிச்சுக் காட்டணுமா?" என்று கேட்டேன்.

"விதி அப்படித்தான்," என்றார் பிம்.

எழுதினேன். எழுந்து நின்று, சமையலறைக்கும் கேட்கிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் வருடாந்தர அறிக்கை படிக்கிற குரலில் படித்தேன். "ராய்ஸ் டௌஸ் மீது எனக்குப் பற்றும் இல்லை, பகையும் இல்லை." கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் அறக்கட்டளைத் தாளில் நான் எழுதிய ஒரே பொய். அதிலும் இரட்டைப் பொய்.

உள்ளே எட்வினுக்குப் புரையேறியது. யாரோ முதுகில் தட்டினார்கள்.

ஓட்டெடுப்பு அரை நிமிஷம் கூட ஆகவில்லை. மூன்று கை. நாற்பத்தெட்டாயிரம் பவுண்டு. பிம் கடிதத்தை அங்கேயே எழுதி முத்திரை வைத்தார். சமையலறையில் கைதட்டல். பகையாளி எட்வின்கூடத் தட்டினார் என்று ரோசலிண்ட் பிறகு சொன்னாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் பிம். "வேலை நடக்கறப்போ மூணு தடவை ஒரு அறங்காவலர் கூரை மேல ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் தவணை தவணையாப் போகும். தொடர்பே இல்லாத ஆள்தான் போகணும்."

"எனக்கு இடுப்பு எலும்பு மாத்தியிருக்கு. ஏணி எல்லாம் ஆவாது," என்றார் வில்ஃப். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மன்னிக்கப் போவதில்லை.

"எனக்கு உயரம்னா தலை சுத்தும்," என்றார் பிம். "மிஸஸ் டௌஸ், அப்போ நீங்கதான். பற்றும் இல்லே, பகையும் இல்லே. உங்களைவிடப் பொருத்தமான ஆள் இந்த மாவட்டத்துலயே கிடையாது."

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மழை விட்டிருந்தது. காரைத் திறந்தபோது ராய்ஸ் பின்னாலேயே வந்தான். தொப்பி தலையில் இல்லை, கையில்தான் இருந்தது.

"நன்றி, லோர்னா."

"நன்றியெல்லாம் அறக்கட்டளைக்குச் சொல்லு. எனக்கென்ன."

"அதான் கேட்டேனே, நீ படிச்சதை."

"ஏணி உறுதியா இருக்குமா?" என்றேன். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "பழைய ஏணின்னா நான் ஏறமாட்டேன்."

"புதுசு. நான் கீழ நின்னு பிடிச்சுக்கறேன்."

"நல்லாப் பிடிப்பியா? பழசெல்லாம் மனசுல வெச்சுட்டு நடுவுல விட்டுட மாட்டியே?"

ராய்ஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"பற்றும் இல்லே, பகையும் இல்லேன்னு எழுதிக் குடுத்தது நீதான்," என்றான். "நான் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடலியே, லோர்னா."

நான் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். பின்னால் எடுக்கிறேன் என்று முன்னால் எடுத்து மண்டபத்து வேலியில் இடித்தேன். சமையலறையின் வெளிப்பக்க ஜன்னலில் நாலு முகம் வரிசையாகத் தெரிந்தது. வேலிக்கு ஆகிற செலவை நானே கொடுத்துவிடுவதாகப் பிம்முக்கு மறுநாள் கடிதம் எழுதினேன். அவர் அதையும் மினிட் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்.