தாய்மாமன் என்ற முறையில்

இன்னும் முப்பத்தொரு மணி நேரம். அதற்குள் 'கொடிச்சங்கிலி' பற்றிய பக்கம் இணையக் கலைக்களஞ்சியத்தில் இருக்கலாமா, நீக்கலாமா என்று முடிவாகிவிடும்.

கொடிச்சங்கிலி, ஈஸ்வரபாண்டி உருவாக்கிய மென்பொருள். கம்பத்துத் தோட்டத்தில் வெட்டிய திராட்சைப் பெட்டி எந்த லாரியில் ஏறியது, எந்தக் கடையில் இறங்கியது என்பதையெல்லாம் பிளாக்செயின் என்ற மின்பதிவேட்டுச் சங்கிலியில் பதியும்; பதிந்ததை யாரும் சத்தமில்லாமல் மாற்ற முடியாது. நல்ல வேலைதான். ஆனால் அதைப் பற்றி வெளியாள் ஒருவர்கூட எங்கும் எழுதவில்லை. பக்கத்தை எழுதியவனும் அவனே. அதனால்தான் 'சாரல்' என்ற பெயரில் ஒருவர் அதை நீக்கச் சொல்லியிருந்தார்.

அந்தச் சாரல், கூடலூர் வீட்டில் அவன் எதிரே டீயை ஆற்றிக்கொண்டிருந்த ஓவியா. அவனுடைய தாய்மாமன் மகள். இயற்பியல் படித்தவள், யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். "இது சரியா வருமா, சொல்லு புள்ள" என்று அவளிடம் வந்து கேட்கிற ஒரே ஆள் அவன்தான். விஷயம் தெரிந்தால் இனிமேல் கேட்பானா?

"எவனோ மெட்ராஸ்காரன்," என்றான் ஈஸ்வரபாண்டி. "திராட்சையைக் கடையிலதான் பாத்திருப்பான். என் சங்கிலிய அறுக்க வந்துட்டான்."

"நம்ம ஊர்க்காரியாக்கூட இருக்கலாம்ல மச்சான்."

"நம்ம ஊர்ல எவ இப்படிச் செய்வா? விடு, ஆள் சேத்துட்டேன் பாரு." மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

விவாதப் பக்கத்தில் ஒரே காலையில் பத்தொன்பது பேர் வந்து இறங்கியிருந்தார்கள். தலை எண்ணித்தான் முடிவு செய்வார்கள் என்று நினைத்துவிட்டான். காதுகுத்துக்கு வந்தவர்களைப் போல ஒவ்வொருவரும் முறையைச் சொல்லித்தான் ஆதரித்திருந்தார்கள். 'சித்தப்பா என்ற முறையில் ஆதரிக்கிறேன், ஒச்சாண்டி.' 'பெரியம்மா என்ற முறையில், கஸ்தூரியம்மாள்.' எல்லோருக்கும் மேலே, தடித்த எழுத்தில்: 'தாய்மாமன் என்ற முறையில் முதல் ஆதரவு என்னுடையது. தங்கப்பாண்டியன்.'

ஓவியாவுக்குப் புரையேறியது. "அப்பாவுமா?"

"மொத ஆளா மாமா பேருதான் நிக்கணும்னு ஒரே சண்டை. பெறகு நாந்தான் மேல ஏத்தி வச்சேன்."

"மாத்தவே முடியாத சங்கிலி செஞ்சவுக, வரிசைய மாத்துனீகளாக்கும்?"

"தாய்மாமனுக்கு விதிவிலக்கு உண்டு."

"அங்கன சொந்தக்காரக சொன்னா எடுபடாது மச்சான். ஒங்கள முன்னப்பின்னத் தெரியாத ஆளு எழுதியிருக்கணும். பத்தொம்பது பேரையும் சொந்தம்னு நீங்களே எழுதி வாங்கிக் குடுத்திருக்கீக."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப பக்கம் போயிருமா?"

"இப்பதைக்குப் போயிரும். தேனிப் பத்திரிகைக்காரக யாராச்சும் தோட்டத்துக்கே வந்து பாத்து எழுதட்டும். அப்பறம் போடலாம்."

மடிக்கணினியை மூடப்போனவன் சிரித்துவிட்டான். "சரி, அந்தச் சாரலும் சொந்தக்காரனா இருந்தா? அவன் பேச்சும் செல்லாதுல்ல?"

"முறையைச் சொல்லிட்டுத்தான் எழுதியிருக்கணும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பத்தொன்பது பேரும் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் எழுதியவள் ஒருத்தி மட்டும்தான்.

"அவனுக்கு நம்மளத் தெரியவா போகுது," என்றான் ஈஸ்வரபாண்டி.

"தெரியும் மச்சான்." டம்ளரைக் கீழே வைத்தாள். "நாந்தான் சாரல்."