ஒரே எண், இரண்டு கார்

பந்தயக் கார்களின் பரிசோதகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி மூக்குக்கு இறக்கினார். திறந்திருந்த பானெட்டுக்குள் தலையை விட்டு, இன்ஜினுக்குப் பின்னால் நிற்கும் தடுப்புத் தகட்டில் பொறித்திருந்த எண்ணை விரலால் தடவித் தடவிப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "இந்தக் காரை நான் காலையிலேயே பாத்துட்டேனேம்மா" என்றார்.

"இல்லையே சார், இப்பதான் லாரியிலிருந்து இறக்கினோம்" என்றாள் பல் டாக்டர்.

"அதான் எனக்கும் புரியல. அது சிவப்பு, இது நீலம். நம்பர் மட்டும் ஒண்ணு. வாங்க, காட்டறேன்."

பல் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்தாள். அவன் டயர் அழுத்தமானியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அக்காவும் தம்பியும் நான்கு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் காருக்குள் கொட்டியிருந்தார்கள். அறுபதுகளில் இத்தாலியில் செய்த இரண்டு கதவுக் கார். கூரை பின்பக்கம் சரிந்து, வால் வெடுக்கென்று முடியும். தம்பிக்கு வெல்டிங் பட்டறை. துரு தின்ற இடத்தையெல்லாம் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தது அவன். கார்புரேட்டரின் நுண்துளைகளைப் பல் குடையும் ஊசியால் சுத்தம் செய்தது அவள். பழைய கார்களுக்கான பந்தயத்தில் ஓட்ட வேண்டுமென்று உள்ளே இரும்புக் கூண்டு, தோளையும் இடுப்பையும் இறுக்கும் பெல்ட், தீயணைப்பான் எல்லாம் வைத்து, இன்று முதல்முறையாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

பந்தயக் களத்தின் ஓரத்தில் வரிசையாகக் கொட்டகைகள். கடைசிக் கொட்டகையில் அந்தச் சிவப்புக் கார் நின்றது. அச்சு அசல் அதே கார். அதன் அருகே ஒரு நாற்காலியில், சட்டையின் மேல்பட்டன்வரை போட்டுக்கொண்டு ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். காரின் சொந்தக்காரர். ஓட்டப்போவது அவருடைய மாப்பிள்ளை. பந்தய உடுப்பைப் போட்டுக்கொண்டு அவன் மாமனாருக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

பரிசோதகர் விஷயத்தைச் சொன்னதும் மாமனார் எழுந்தார்.

"எங்க கார்தான் ஒரிஜினல். அவங்கதான் எங்கயோ பாத்து நம்பரைக் குத்தியிருக்காங்க."

"குத்தினது நான்தான்" என்றான் தம்பி, சற்றும் தயங்காமல். "எங்க தடுப்புத் தகடு சல்லடையாப் போயிருந்துச்சு. புதுசு போட்டேன். ஆனா டிக்கிக்கு அடியில இருக்கற சட்டத்துல பழைய நம்பர் அப்படியே இருக்கு. அதைப் பாத்துதான் அடிச்சேன். வேணும்னா வந்து பாருங்க."

"எங்களுக்குத் தடுப்புத் தகட்டுலயே பழைய நம்பர் இருக்குய்யா!"

"அப்ப உங்க டிக்கியில?"

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்து, "அங்க ஒண்ணும் இல்ல மாமா. யாரோ தேச்சு எடுத்திருக்காங்க. நான் அப்பவே சொன்னேனே" என்றான்.

"எப்பச் சொன்னீங்க?"

"சொன்னேன் மாமா. நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க."

பல் டாக்டருக்குத் தலை சுற்றியது. டிக்கியில் எண் இருப்பது அசலா, தகட்டில் எண் இருப்பது அசலா? எண் பொய் என்றால் யார் பொய்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் தோன்றியது. கருவிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். பல் அச்செடுக்கும் பசை அதில் எப்போதும் இருக்கும். காரின் உடைந்த குமிழ்களுக்கு அச்செடுக்க அவள் வைத்திருந்தது. பசையைப் பிசைந்து, சிவப்புக் காரின் தகட்டில் ஒரு அழுத்து, தன் காரின் டிக்கியில் ஒரு அழுத்து. இறுகியதும் இரண்டையும் உரித்தெடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஐந்து பேர் தலையும் மேஜைமேல் முட்டிக்கொண்டன. இரண்டிலும் 'நான்கு' கால் ஒடிந்திருந்தது. இரண்டிலும் 'ஏழு' ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது.

"ஒரே அச்சு உளி" என்றார் பரிசோதகர். "ரெண்டுமே கம்பெனியில அடிச்சதுதான்."

"அதெப்படி சார்?" என்றாள் அவள்.

"உங்க ரெண்டு காரும் ஒரே காரும்மா. எப்பவோ நடுவுல அடிபட்டிருக்கு. யாரோ ரெண்டா வெட்டி, முன்னாடி பாதியை ஒருத்தனுக்கும் பின்னாடி பாதியை ஒருத்தனுக்கும் கொடுத்திருக்கான். அவனவன் வேற ஒரு பாதியை ஒட்டிக்கிட்டான்."

தம்பி மெதுவாக, "சீட்டுக்கு அடியில குறுக்க ஒரு வெல்டிங் கோடு ஓடுதுக்கா. ஏதோ பழைய ரிப்பேர்னு நினைச்சேன்" என்றான்.

முதலில் தெளிந்தவர் மாமனார்தான். தெளிந்ததும் அவர் சொன்னது இன்னும் குழப்பியது.

"அப்போ விஷயம் சுலபம். ரெண்டையும் வெட்டி, அசல் முன்பாதியையும் அசல் பின்பாதியையும் ஒட்டிட்டா முழுக் கார் வந்துடும்."

"மீதி ரெண்டு பாதி, மாமா?" என்றான் மாப்பிள்ளை.

"அதையும் ஒட்டினா இன்னொண்ணு."

"அது என்ன கார், மாமா?"

மாமனார் மேஜைமேலிருந்த அச்சுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க எப்ப வேணா வெட்டுங்க, ஒட்டுங்க. இன்னிக்கு ஒரு நம்பருக்கு ஒரு கார்தான் பந்தயத்துல ஓடலாம். மத்தது எல்லாருக்கும் பின்னாடி நின்னு கிளம்பி, கூடவே ஓடலாம். ஆனா கணக்குல வராது, பரிசும் கிடையாது. எதுன்னு பேசிச் சொல்லுங்க."

பல் டாக்டர் தன் காரிடம் திரும்பி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கின் மர வளையத்தை அவள்தான் பளபளவென்று தேய்த்தாள். அளவுமானிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கோர்த்தாள். இன்ஜின் முதன்முதலில் உறுமியபோது அழுதே விட்டாள். அத்தனையும் முன்பாதியில். அசலாக இருக்கும் பின்பாதியில் அவள் செய்ததென்று பெரிதாக எதுவுமில்லை. அப்படியென்றால் அவள் ஆசை வைத்த காரே இந்தக் கார் இல்லையா? ஊர் பேர் தெரியாத ஒரு பாதியையா இத்தனை நாள் கொஞ்சிக்கொண்டிருந்தாள்? கோபப்பட வேண்டுமா, சிரிக்க வேண்டுமா என்றுகூடத் தெரியவில்லை.

தம்பி ஜன்னலில் குனிந்தான். "விட்டுக் கொடுக்காதக்கா. நம்மகிட்டயும் பாதி இருக்கு."

"அவர்கிட்டயும் பாதி இருக்குடா."

"நம்ம வேலை சுத்தம்."

"வேலை சுத்தம்தான். அதை யாரும் எடுத்துட்டுப் போகல. நம்பர்தானே? அவங்களே ஓட்டட்டும். நாம கடைசியில நிப்போம்."

"பரிசு கிடையாதுக்கா!"

"பரிசுக்காடா நான் ஊசியை வெச்சுக் குடைஞ்சேன்?"

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் புறப்படும் நேரம் வந்ததும் அவனே வந்து அவள் பெல்ட்டை இறுக்கினான், தேவைக்கு அதிகமாகவே.

கடைசியாகத்தான் கிளம்பினாள். முதல் சுற்றில் கியரைத் தேடித் தேடி மாற்றினாள். இரண்டாவது சுற்றில் கார் அவளுக்குப் பழகியது. நீண்ட வளைவில் வால் லேசாக வழுக்கியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினாள், முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. எது அசல், எது ஒட்டு என்று காருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. நான்கு கார்களைத் தாண்டினாள். ஐந்தாவதாக முன்னால் தெரிந்தது சிவப்பு வால். தன் காரின் மிச்சத்தை முந்துவதா என்று ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணத்தில் மாப்பிள்ளை போய்விட்டான். மாமனாருக்குப் பயந்தவன் இப்படி ஓட்டுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மாப்பிள்ளை மூன்றாவதாக வந்தான். கோப்பையை வாங்கியது மாமனார்.

கார்களை லாரியில் ஏற்றும்போது அவர் தனியாக நடந்து வந்தார். "டிக்கியைக் கொஞ்சம் திறக்க முடியுமாம்மா?" என்று கேட்டார். திறந்தாள். குனிந்து, அந்த எண்ணின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

தம்பி டிக்கியை மூடினான். "அக்கா, முன்னாடி தகட்டுல நான் அடிச்ச நம்பரைத் தேச்சு எடுத்துடவா?"

அவள் பானெட்டைப் பார்த்தாள். சரி என்று சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்றும் வந்தது.

"இருடா" என்றாள். "முதல்ல வண்டியை ஏத்து."