கறுத்த மெட்டி

குழாயடியில் கால் கழுவக் குனிந்தபோதுதான் பொற்கொடி பார்த்தாள். மெட்டி கறுத்துக் கிடந்தது.

"என்னாடி, உன் புருஷன் வாங்கிக் குடுத்த வெள்ளி இவ்ளோதானா?" பக்கத்தில் நின்ற சாமியம்மாள் சிரித்தாள்.

"உன்னுதப் பாருக்கா."

சாமியம்மாள் குனிந்தாள். அவளுடையதும் அடுப்புக்கரி மாதிரிதான் இருந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

இருவருக்கும் அந்தத் தோல் பட்டறையில் வேலை. மைன்ஸ் வெல்டர்களுக்குக் கையுறை தைக்க இங்கிருந்துதான் தோல் போகும். முன்பெல்லாம் தோலில் முடி கழலச் சுண்ணாம்போடு சல்பைடு போடுவார்கள். அழுகின முட்டை நாற்றம் சோற்றுத் தூக்கு வரைக்கும் வரும். வெள்ளியெல்லாம் கறுக்கும், பெண்கள் பல்பொடி போட்டு மெட்டி தேய்ப்பார்கள். பொங்கலுக்குப் பிறகு சல்பைடுக்குப் பதிலாக என்சைம் பவுடர் வந்தது. முடி தானாகக் கழன்றது, நாற்றம் குறைந்தது, மெட்டி வெள்ளையாகவே இருந்தது. பல்பொடி பல்லுக்கு மட்டும் என்றாயிற்று.

"பவுடர் தீந்துபோச்சாம்டி." சாமியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "முந்தாநாளு பழைய சல்பைடு மூட்டையத்தான் பிரிச்சாங்க. வெளிய மூச்சு விடாதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

பொற்கொடி குழாயை மூடாமலே பட்டறையின் பின்பக்கம் திரும்பினாள். பின்பக்கக் கழிவுத்தொட்டியில் சகதி அள்ள இன்றைக்கு வந்திருப்பது அவள் புருஷன் மதிவாணன். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை, இன்று ஆஃப். அவன் தயங்கியபோது, "இப்ப என்சைம் தண்ணிதான்யா, மோர் மாதிரி" என்று சொல்லி அனுப்பியதே அவள்தான்.

அந்தத் தொட்டிக்கு ஒரே வாய்க்கால். முடி கழற்றிய தண்ணீரும் அதில்தான் போகும், அடுத்த டிரம்மில் தோல் ஊறிய ஆசிட் தண்ணீரும் அதில்தான் போகும். சல்பைடும் ஆசிட்டும் கலந்தால் கிளம்பும் காற்று ஆளைச் சாய்த்துவிடும். அதனாலேயே முன்பு தொட்டி வடியாமல் ஆசிட் டிரம்மைத் திறக்க மாட்டார்கள். என்சைம் வந்ததும் அந்தக் கட்டுப்பாட்டை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

உள்ளே ஆசிட் டிரம் சுற்றுவது நின்றது. இனித் திறப்பார்கள்.

ஈரக்காலோடு ஓடினாள். மதிவாணன் ஏணியில் இடுப்பளவு இறங்கியிருந்தான். மேலே சூப்பர்வைசர் கொளஞ்சிநாதன், கையில் டீ கிளாஸ்.

"யோவ், மேல ஏறு!"

"என்னா, பால அடுப்புல வச்சிட்டு வந்தவளாட்டம் கத்திகினு?"

"ஏறுய்யா, நாத்தம் தெரியல?"

"மொதல்ல குப்புனு அடிச்சுது. இப்ப ஒண்ணுமில்ல, போயிடுச்சு."

"நாத்தம் போவலய்யா, உன் மூக்கு போயிடுச்சு!"

அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். முகம் சிவக்க அவன் ஏறி வந்தான். நின்றதும் கால் தள்ளாடியது. தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"தலை சுத்துது, பொற்கொடி."

"நல்லா ஜோடி போட்டு நடிக்கிறீங்க." கொளஞ்சிநாதன் கிளாஸைக் கீழே வைத்தார். "என்சைம் கழிவுல என்னாம்மா இருக்குது?"

"மெட்டி கறுத்துப்போச்சுங்க."

"மெட்டி கறுத்தா வேலைய நிறுத்தணுமா? மைன்ஸுக்கு எழுதிப் போடு, மலையைத் தோண்டறதையும் நிறுத்திடுவாங்க."

வாய்க்காலில் சலசலப்புக் கேட்டது. டிரம்மைத் திறந்துவிட்டார்கள். ஆசிட் தண்ணீர் வந்து தொட்டிக்குள் விழ, சகதி உள்ளே கொப்பளித்தது. முட்டை நாற்றம் ஒருமுறை முகத்தில் அறைந்தது. பிறகு ஒன்றுமே இல்லை.

"சார், தள்ளி வந்துடுங்க."

"எங்க நாறுது? நீயே சொல்லு." கொளஞ்சிநாதன் விளிம்பில் குந்தி, தொட்டிக்குள் தலையை நீட்டினார். "எனக்கு ஒண்ணுமே தெரி..."

குனிந்த தலை நிமிரவில்லை.

பொற்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் காலரைப் பற்றினாள். மதிவாணன் தவழ்ந்து வந்து, அவள் உள்ளே சரியாமல் இடுப்பைக் கட்டிக்கொண்டான். காலரின் தையல் பிரிய ஆரம்பித்தது.