பழகாத கைக்கும் எளிது

திரையில் இருந்த சோபாவின் மேல் ‘இலவசச் சோதனை’ என்று சாய்வாக எழுதியிருந்தது. சோபாவை எந்த நிறத்துக்கு மாற்றினாலும் அந்த எழுத்து மட்டும் எழுந்திருக்கவில்லை. டிசைனர் மவுஸை விட்டுவிட்டு விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள். கடைகளுக்கு இணையப் பக்கம் கட்டிக்கொடுப்பது அவள் வேலை. தொட்டால் சோபா நிறம் மாறும், இழுத்தால் திரும்பும். ஒரு பக்கத்துக்கு அவளுக்கு ஒரு வாரம் பிடிக்கும். திரையில் ஓடிக்கொண்டிருந்த இந்தப் புது மென்பொருளோ, பழகாத கைக்கும் எளிது, ஒரே நாளில் முடியும் என்று மார்தட்டிக்கொண்டு வந்திருந்தது.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கெட்ட சேதி இருந்தால் மட்டும் பக்கத்தில் வந்து உட்காருவார். மற்ற நாட்களில் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கத்துவதோடு சரி.

"வெல கொஞ்சம் ஓவர்தான். அந்த வெலைக்குத் தகுமான்னு பாக்கணும். ஆனா ஒண்ணும்மா, இதையும் வாங்கி உங்களுக்கும் சம்பளம் போட எனக்குக் கட்டுப்படியாகாது."

"தகாதுன்னு நான் சொன்னா, சார்?"

"அப்படித்தான் சொல்லுவீங்க. அதான் செஞ்சு பாக்கப்போறது நீங்க இல்ல. பக்கத்துல உக்காந்து பாருங்க, போதும். சொல்லிக் குடுக்கக் கூடாது." வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "பாப்பா, வெளக்குமாத்த வெச்சுட்டு வா!"

பாப்பா இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அலுவலகத்தைப் பெருக்கி, டீ போட்டு, தம்ளர் கழுவுபவள். ஒரே தெருக்காரி என்று அவளை இங்கே சேர்த்துவிட்டதே டிசைனர்தான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, தொட்டா வெடிக்காதுல்ல?"

"வெடிச்சா எனக்குத்தான். நீ தொடு."

மதியத்துக்குள் சோபா கால் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. நிறப் பொத்தான்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சிவப்பைத் தொட்டால் பச்சை வந்தது. டிசைனருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இந்த லட்சணத்துக்கு எவன் காசு கொடுப்பான்? காலில் கட்டோடு வீட்டில் படுத்திருக்கும் கணவனிடம், வேலை தப்பித்தது என்று சொல்லலாம்.

பாப்பா டீ போட எழுந்து போனாள். சோபா இடது பக்கம் ஒரு நூலளவு சாய்ந்திருந்தது. டிசைனர் ஜன்னலைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். அங்கேயும் சோபா சாய்ந்தே தெரிந்தது. ஒரே ஒரு இழுப்புதானே என்று கை போனது. சோபா நேரானதும் பொத்தான்கள் கண்ணை உறுத்தின. பொத்தான்களைப் பிரித்து வைத்ததும், சிவப்பு பச்சையாவது அநியாயமாகப்பட்டது. கால்களையும் மாட்டிவிட்டுப் பார்த்தபோது பக்கம் பளிச்சென்று சிரித்தது. அப்போதுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது. எல்லாவற்றையும் மறுபடி கோணலாக்கலாம் என்று மவுஸைப் பிடித்தாள்.

பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"பாப்பா செஞ்சதா இது?"

டீத் தட்டோடு வந்த பாப்பா திரையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "ஐயோ, நானா செஞ்சேன்?"

"இல்ல சார், நான்தான் கொஞ்சம்..."

"நீங்க சும்மா இருங்கம்மா. வேல போயிரும்னா யாரும் இப்படித்தான் எதையாவது சொல்லுவாங்க." முதலாளி சோபாவைச் சிவப்பாக்கினார், நீலமாக்கினார், ஒரு சுற்றுச் சுற்றவிட்டார். "பெருக்கற பொண்ணே இப்படிச் செய்யுதுன்னா வெல நியாயம்தான். வாங்கிடலாம்."

அடுத்த மாதம் வேறொரு கம்பெனி வாசலில், வெயிலில், வேலை கேட்டு நின்ற வரிசையில் டிசைனரும் இருந்தாள். போன் அடித்தது.

"அக்கா, சோபா கோணிக்கிச்சு. சார் வர்றதுக்குள்ள சரி பண்ணணும்."

"பெருக்கிட்டியா?"

"பெருக்கி, டீயும் குடுத்துட்டுத்தான் உக்காந்தேன்."

"சம்பளம் ஏத்துனாரா?"

"சாப்ட்வேருக்கே எல்லாம் போயிருச்சாம்க்கா. அடுத்த வருஷம் பாக்கலாம்ங்கறாரு."

அதன்பின் பாப்பா சொன்னது வண்டிகளின் இரைச்சலில் கேட்கவில்லை. டிசைனர் வரிசையை விட்டு விலகி, சுவரோரம் போய் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"அழாத. வலது ஓரத்துல சின்னதா ஒரு கட்டம் இருக்கா? அதப் புடிச்சு மெதுவா இழு. இன்னும் கொஞ்சம்..."

காதைப் பொத்தியிருந்த கை இறங்கி வந்து, காற்றில் எதையோ ஒரு நூலளவு நகர்த்தியது. அவளுக்குப் பின்னால் கம்பெனிக் கதவு திறந்தது. வரிசை ஓர் அடி முன்னே போய், அவள் நின்றிருந்த இடத்தை மூடிக்கொண்டது.