பெஞ்சுக்கு அடியில் மிதித்த கால்கள்

உயிரியலில் இரண்டு தடவை கோட்டை விட்ட தையல்காரிக்கு, சும்மா உட்கார்ந்து படித்தால் மண்டையில் ஏறாது. மகள் கேள்வி கேட்கக் கேட்க, மிஷினை மிதித்துக்கொண்டே பதில் சொல்லித்தான் பழகியிருந்தாள்.

பரீட்சை ஹாலில் பட்டாணிச் செடியின் மரபு விகிதக் கேள்வியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. இந்தத் தடவையும் போச்சா? அப்போது கால்கள் தாமாகவே மிதிக்கத் தொடங்கின. ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று என்று ஒவ்வொரு மிதிக்கும் விடை வந்து விழுந்தது.

அதே பெஞ்சின் மறுகோடியில் இருந்த பெண் முறைத்தாள். "அக்கா, பெஞ்சு ஆடுது! எழுதவே முடியல."

"கோவிச்சுக்காதம்மா. பட்டாணி முடிஞ்சுது. குரங்கு மனுஷனாகற பாடம்தான் பாக்கி. அதுவரைக்கும் பொறுத்துக்கோ."