சாவைப் பிடித்துப் பிறந்தவர்கள்

அந்த அரச வம்சத்தில் ஒவ்வொரு குழந்தையும் தன் சாவைக் கைக்குள் பிடித்துக்கொண்டுதான் பிறந்தது. முதல் அரசர் கையில் மீன் முள் இருந்தது. ஐம்பது வருடம் நகருக்குள் மீனையே விடவில்லை, ஐம்பத்தோராம் வருடம் காகத்தின் வாயிலிருந்து நழுவிய முள் அவர் தட்டில் விழுந்து தொண்டையில் நின்றது. அவர் மகள் லாட ஆணியோடு பிறந்தாள். கொல்லர்களைக் குடும்பத்தோடு ஆற்றுக்கு அப்பால் துரத்தினார்கள். திரும்பி வந்த இருவரைத் தூக்கில் போட்டார்கள். குதிரைகள் வெறுங்குளம்போடு நடந்தன.

அந்த ராணிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி, இளவரசனின் விரல்களைப் பிரித்தாள். உள்ளே ஓரம் உடைந்த சிப்பிப் பொத்தான். போன வாரம்தான் அதைத் தன் மூன்று வயது மகன் சட்டையில் தைத்திருந்தாள். நூலைக் கடித்தபோது அவள் பல் பட்டு உடைந்த ஓரம் அது. கதவுக்கு வெளியே மந்திரி இருமினார்.

"என்னம்மா, கையில என்ன?"

பொத்தானை வாயில் போட்டு விழுங்கினாள். "ஒண்ணுமில்லைங்க. வெறுங்கை."

சாவில்லாத அரசன் பிறந்துவிட்டான் என்று ஊரெங்கும் மணி அடித்தார்கள். அவள் வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், மகன் சட்டையில் பொத்தான் இருந்த இடத்திலேயே இருந்தது. பிய்த்து அடுப்பில் போட்டாள். அன்றிலிருந்து அவன் சட்டைக்கெல்லாம் நாடாதான்.

"ஏம்மா, ஊரே பொத்தான் போடுது, என்னை மட்டும் பொட்டலம் மாதிரி கட்டி வைக்கிறே?"

"வாயை மூடிட்டுக் கட்டுடா."

அவன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் வயிற்றுக்குள் பொத்தான் டக்கென்று தட்டும்.

ராணி செருப்பில் ஏறிய பழைய லாட ஆணியால் போய்ச் சேர, இளவரசன் பதினாறு வயதில் முடிசூடினான். தனக்குச் சாவில்லை என்று நம்பியவனுக்கு அடுத்தவன் சாவு பெரிதாகத் தெரியவில்லை. நான்கு வருடத்தில் மூன்று போர். மூன்றாவதற்கு வீட்டுக்கு ஒருவனைப் பிடித்துப் போனார்கள். அவள் மகனை அரசனுக்குப் பக்கத்திலேயே காவல் நிறுத்தினார்கள். படை உடுப்பில் எல்லாம் பித்தளைப் பொத்தான் என்று கேட்ட பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மகன் திரும்பி வந்தான். சாவில்லாத அரசன் வரவில்லை.

"ஒரு பொத்தான் அறுந்துபோச்சும்மா. சந்தையில ஓரம் உடைஞ்ச சிப்பிப் பொத்தான் ஒண்ணு கிடைச்சுது, தெச்சுக்கிட்டேன். பித்தளையெல்லாம் கறுத்துப்போச்சு, அது மட்டும் வெயில்ல மின்னியிருக்கு. எதிரி என்னைத்தான் குறி பார்த்தான். குண்டு பக்கத்துல நின்ன ராஜா மேல பட்டுடுச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாதே."

அவள் வயிற்றில் தட்டல் நின்றது. பயம் நிற்கவில்லை, அரசனின் மனைவிக்கு அப்போது நிறைமாதம். இரண்டே வாரத்தில் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது.

குழந்தையின் மூடிய கைக்குள் ஏதோ கெட்டியாக அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது. எவள் பெற்ற பிள்ளையின் பொருளோ. இப்போது கிழவராகிவிட்ட மந்திரி உள்ளேயே வந்துவிட்டார்.

"கையில என்ன?"

"பிரிக்கலைங்க."

"பிரி."

அவள் குழந்தையை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்களே பிரிங்க ஐயா."

கையை நீட்டிய மந்திரி பாதியில் நிறுத்தித் தன் மோதிரத்தைப் பார்த்தார். தாதி கழுத்துச் சங்கிலியைத் தடவினாள். காவலன் இடுப்புக் கத்தியைத் தொட்டுப் பார்த்து இரண்டடி பின்வாங்கினான். யாரும் கிட்டே வரவில்லை.

"குழந்தையைக் குளிப்பாட்டு" என்று சொல்லிவிட்டு மந்திரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெந்நீரில் கை தானாக விரிந்தது. தொட்டியின் அடியில் ஏதோ இடித்தது. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, மருத்துவச்சியும் குனிந்து பார்க்காமல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். அன்று பிறந்த அரசர் முப்பத்தெட்டு வருடம் ஆண்டு, ஒரு மத்தியானம் செத்துப்போனார். எதனால் என்று யாரும் கேட்கவில்லை.