ஹாலில் ஓர் அலைப் பலகை

1

இந்தக் கதை ஒரு டேப்பிலிருந்து வந்தது. மஞ்சளும் கறுப்பும் சாய்கோடுகளாக ஓடும் டேப். கப்பல் பட்டறைகளில் 'இதைத் தாண்டாதே' என்று தரையில் ஒட்டியிருப்பார்களே, அது. யாக்கூப் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஜூரோங்கில் இருந்த வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கை சும்மா இருக்காது. குளியலறைப் படியில் டேப், அலமாரியின் கூர்மூலையில் டேப். மனைவி ஜரீனா எண்ணெய்ச் சட்டி வைத்தபோது ஒருமுறை அடுப்பைச் சுற்றியும் ஒட்டப் போனார். கரண்டியோடு துரத்திவிட்டாள்.

அன்று மஃரிபு தொழுகை முடிந்ததும் சோபாவைச் சுவரோரம் தள்ளினார். தரையில் ஓர் ஆள் நீளத்துக்கு, இரண்டு முனையும் கூம்பிய ஒரு வடிவத்தை ஒட்டினார்.

"என்னங்க இது, வாழைக்காயா?"

"சர்ஃப் பலகை. பழகாமப் போய் நின்னா மானம் போயிடும். நம்ம லீவுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்குன்னு நெனக்கிறே?"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வடிவத்துக்குள் குப்புறப் படுத்தார். இரண்டு கைகளாலும் இல்லாத தண்ணீரைத் தள்ளினார். ஒரே உந்தில் எழுந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"ஜரீனா, எந்தக் கால் முன்னாடி?"

அவள் அடுக்களையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். "இதுல என்ன கேள்வி? வலது காலை வைங்க. பிஸ்மி சொல்லி வைங்க."

"வீடியோல இடது காலை வைக்கிறான்."

"இடது காலை வெச்சு டாய்லெட்டுக்குல்ல போவோம்?"

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. டேப்பைப் பாத வடிவில் வெட்டி, முன்னால் வலது, பின்னால் இடது என்று ஒட்டினார். அதன் மேல் ஏறி நின்றார். ஆடினார். சோபாவில் போய் விழுந்தார். விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார். "சரி, நாளைக்குப் பாப்போம்" என்றார்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் துவாஸ் வாசலில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். யாக்கூப் இறங்கவில்லை. அசந்து தூங்குகிறார் என்று நினைத்து ஓட்டுநர் சிறிது நேரம் எழுப்பாமல் விட்டுவைத்தாராம்.

2

இந்தத் தொடக்கம் எளிதில் கிடைக்கவில்லை. இதற்கு முன் எழுதிக் கைவிட்டவை, கைவிட்டபடியே:

சிங்கப்பூரைச் சுற்றி எங்கும் கடல், ஆனால் [சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது.]

கணவனை இழந்த ஒரு பெண் ஒரு நாள் [வேண்டாம். இதைப் படித்ததும் உங்கள் முகம் மாறிவிடும். அந்த முகத்தை அவள் நிறையப் பார்த்துவிட்டாள்.]

நான் அன்று

கடைசி வரிக்கு அடைப்புக்குறி கூடத் தேவைப்படவில்லை. 'நான்' என்று எழுதினால் பேனா அதற்கு மேல் நகர மறுக்கிறது. ஆம், இதை எழுதுகிறவள் ஜரீனாதான். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது அவள் வேலை. அடுத்தவர் வீட்டு மகிழ்ச்சியில் ஒற்றெழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. 'ஜரீனா' என்று எழுதினால் அவள் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கிறாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மீன் மாதிரி. அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துச் சொல்ல முடிகிறது.

எனவே இந்தக் கதையில் 'நான்' இல்லை. நீங்கள் உண்டு. உங்களுக்குக் கடைசியில் ஒரு வேலையும் உண்டு.

3

ஏன் அலைச்சறுக்கு என்று கேட்பீர்கள். யாக்கூப்பைக் கேட்டால் "ஏன் கூடாது?" என்பார்.

கடற்கரைப் பூங்காவில் பாய் விரித்து உட்காரும்போதெல்லாம் அவருக்கு ஒரு குறை. கடல் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி ஆடாமல் கிடக்கும். தூரத்தில் கப்பல்கள், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்கள் போல. "என்ன கடல் இது? ஆபீஸ் கடல்" என்பார். "லீவு போட்டா எங்கயாவது போய் அலையைப் பாக்கணும்."

வெளியூர் போகிற அளவுக்கு லீவு ஒருபோதும் சேர்ந்தாற்போல் கிடைத்ததில்லை. அதனால் இந்த ஊருக்குள்ளேயே விடுமுறை என்று முடிவாயிற்று. ஒரு ஹோட்டலில் தங்குவது, காலை பசியாற யாரோ சமைத்து வைப்பது, பிறகு நகரத்துக்கு நடுவே இருந்த ஒரு செயற்கை அலைக்குளத்தில் இருவருக்கும் ஒரு தனி வகுப்பு. வேறு ஆள் கிடையாது, சொல்லித் தருவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். உடம்பு முழுக்க மூடும் நீச்சலுடையை அவளுக்காகத் தேக்கா சந்தையில் தேடியதும் அவர்தான். கடைக்காரரிடம், "இதப் போட்டு விழுந்தா கிழியாதுல்ல?" என்று கேட்டு அவளை வெட்கப்பட வைத்தார்.

அந்தக் குளத்து அலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சுவிட்சைப் போட்டால் எழும். எழுந்த இடத்திலேயே எழுந்துகொண்டிருக்கும். கரைக்கு வராது, உடையாது. அடியில் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருக்கும், அலை ஓடாது.

(இந்தப் பத்தியை இங்கேயே நிறுத்துகிறாள். வாழ்க்கைக்கு அலையை உவமை சொல்லக் கை பரபரக்கிறது. அடுத்தவர் எழுதியிருந்தால் மெய்ப்பில் அடித்திருப்பாள்.)

4

விடுமுறைக்குக் குறித்த நாள் வந்தபோது ஜரீனா இத்தாவில் இருந்தாள். கணவர் இறந்த பிறகு மனைவி வெளியே போகாமல் வீட்டில் இருக்கும் காலம். யாக்கூப்பின் தங்கை ருக்ஸானா துணைக்கு வந்து தங்கினாள். அண்ணனை அவள் 'காக்கா' என்பாள், அண்ணியை 'மச்சி'. இருவரும் ஹாலில் நடக்கும்போது அந்தப் பலகையைச் சுற்றிக்கொண்டே போவார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தண்ணீர் கிடக்கும் இடத்தைச் சுற்றிப் போவது போல அது தானாகப் பழகிவிட்டது.

பகலெல்லாம் சன்னல் திரை ஊதும், அடங்கும். சில மதியங்களில் அரைத் தூக்கத்தில் ஹால் தரை மெதுவாக ஏறி இறங்குவது போல இருக்கும். கண்ணைத் திறந்தால் தரை தரையாக இருக்கும்.

இடையில் யாக்கூப்பின் கைபேசிக்கு அலைக்குளத்திலிருந்து செய்தி வந்தது. நீங்கள் வரவில்லை, வேறு நாள் சொல்லுங்கள், இடம் இருக்கிறது. ஜரீனா இத்தா முடியும் நாளுக்கு மறுநாளைச் சொன்னாள்.

"மச்சி, ஒங்களுக்கு என்ன ஆச்சு?" ருக்ஸானாவுக்குக் குரல் ஏறியது. "இத்தா முடிஞ்சு மொத மொத வாசல் தாண்டுறது தண்ணில விழறதுக்கா? பெரியம்மா வீட்டுக்குப் போவணும், காக்காவ அடக்கின கபருக்குப் போவணும். ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"ஊர்ல யாரு கேக்கப் போறா? நீ சொன்னாத்தானே?"

"நான் சொல்ல மாட்டேன்."

"அப்பச் சரி."

"ஆனா நானும் வருவேன். நீங்க முங்கிப் போனா யாரு தூக்குறது?"

"ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"கத்தத் தெரியும்லா."

[ருக்ஸானா இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, "நான் இவ்வளவு கத்தவே இல்ல" என்று அச்சகத்துக்கே கேட்கும்படி சொன்னாள். திருத்தவில்லை.]

ஜரீனாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஹாலில் ஒட்டியிருந்த அதே நிலையில், வலது கால் முன்னால், ஒரு மூச்சு நேரமாவது அலைமேல் நிற்க வேண்டும். அவர் கேட்ட கடைசிக் கேள்விக்கு அவள் சொன்ன பதில் அது. அந்தப் பதில் தண்ணீரில் நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

5

சொல்லித் தர வந்தவள் பெயர் சிவானி. வெயிலில் செம்பட்டையான முடி, மூக்கில் வெள்ளைப் பசை. இரண்டு பலகைகள் கொண்டுவந்து போட்டாள்.

"ரெண்டு பேர்னு போட்டிருக்கு ஆன்ட்டி. அவங்களா?" கரையில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்தபடி ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்த ருக்ஸானாவைக் காட்டினாள்.

"நான் இல்ல, நான் இல்ல!" ருக்ஸானா காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரரு. அவங்க வரல" என்றாள் ஜரீனா. சிவானி இரண்டாவது பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

முதலில் உலர்ந்த தரை. "கண்ண மூடிட்டு நேரா நில்லுங்க ஆன்ட்டி." சிவானி பின்னால் போனாள். எதிர்பாராமல் முதுகில் ஒரு தள்ளு. ஜரீனா தடுமாறி ஒரு காலை முன்னால் ஊன்றினாள்.

"லெஃப்ட். அப்ப ஒங்களுக்கு லெஃப்ட் முன்னாடி. ஒடம்பே சொல்லிடுச்சு பாருங்க."

ஜரீனா குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். காட்டிக் கொடுத்தவனைப் பார்ப்பது போல.

"வலது காலை வெச்சா?"

"வெக்கலாம். அப்படியும் ஆளுங்க இருக்காங்க. அதுக்குப் பேரு கூஃபி."

"அப்படின்னா?"

"கோமாளி மாதிரி."

ஜரீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு வந்த முதல் சிரிப்பு என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் அதற்கு முன்பும் சிரித்திருக்கிறாள், ருக்ஸானா கரப்பான்பூச்சிக்குப் பயந்து நாற்காலியில் ஏறிய அன்று.

சுவிட்ச் போட்டார்கள். தண்ணீர் முதலில் முனகியது, பிறகு முதுகை வளைத்து எழுந்தது. சிவானி பலகையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, ஜரீனா குப்புறப் படுத்தாள். உந்தினாள். வலது கால் முன்னால். விழுந்தாள். மறுபடியும் வலது கால். விழுந்தாள். தண்ணீருக்கு அடியில் சத்தமில்லை. பச்சை வெளிச்சத்தில் தன் கைகள் யாருடைய கைகளோ போல மெல்லத் திறந்து மூடுவதைப் பார்த்தாள். மேலே வர அவசரப்பட வேண்டாம் போலிருந்தது. ருக்ஸானா கத்தும் சத்தம் கேட்டது. ஜரீனா மேலே வந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, ரைட்டுன்னு யாரு ஒங்களுக்குச் சொன்னா?"

"நான்தான் சொன்னேன். வீட்டுக்காரருக்கு."

"அவரு சர்ஃப் பண்ணுவாரா?"

"ஹால்ல பண்ணுவாரு."

சிவானி சிரித்தாள். பிறகு சுவரில் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்தாள், கரையில் இருந்த ருக்ஸானாவைப் பார்த்தாள். சிரிப்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

6

இங்கே ஒரு சிக்கல். முதல் வரைவில் சிவானி இந்த இடத்தில், "அலை யாரையும் தூக்காது ஆன்ட்டி, நாமதான் எழணும்" என்று சொல்கிறாள். எழுதியபோது ஜரீனாவுக்கே கண் கலங்கியது. மறுநாள் வெளிச்சத்தில் படித்தால் அது சிவானி இல்லை. வாடகைக்கு எடுத்த ஞானி. அடித்துவிட்டாள்.

சிவானி உண்மையில் சொன்னது: "வாய மூடிக்கிட்டு எழுந்திரிங்க ஆன்ட்டி, தண்ணி உள்ள போயிடும்." கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைத் துடைத்தபடி: "இன்னும் ஒரு தடவைக்குத்தான் டைம் இருக்கு. எந்தக் காலுன்னு நீங்களே பாத்துக்குங்க. நான் எதுவும் சொல்லல."

7

கடைசித் தடவை. இனி உங்கள் வேலை. மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறாள்.

ஒன்று: இடது கால். தள்ளியபோது உடம்பு காட்டிய கால். எழுகிறாள், நிற்கிறாள். கால்களுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவள் அப்படியே இருக்கிறாள். ருக்ஸானா துள்ளி எழுந்ததில் ஃபிளாஸ்க் உருள்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்பது அவள் மட்டும்.

இரண்டு: வலது கால். விழுகிறாள். வகுப்பு முடிந்தது. பஸ்ஸில் ஈரத் தலையோடு சன்னலோரம் உட்கார்ந்து இஞ்சித் தேநீர் குடிக்கிறாள். "நமக்கு எதுக்கு மச்சி இதெல்லாம்" என்கிறாள் ருக்ஸானா, மிக மெதுவாக. சத்தமில்லாமல் அவள் பேசியது அன்றுதான்.

மூன்று: வலது கால். ஆடுகிறாள். விழவில்லை. ஆடுகிறாள். "கூஃபி! கூஃபி!" என்று சிவானி கூவுகிறாள். அருகே இன்னொரு பலகை [

] மூன்றாவதில் அந்த வரியை நிரப்பிப் பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்த பலகை தண்ணீரில் மிதக்கிறது, அதன் மேல் மடித்துக் கட்டிய கைலி. எழுதும்போது மிகவும் சுகமாக இருந்தது. இரண்டு நாள் அந்த வரியிலேயே குடியிருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள். அடைப்புக்குறியை மட்டும் எடுக்கக் கை வரவில்லை.

இந்த மூன்றில் ஒன்று நடந்தது. எது என்று ருக்ஸானாவுக்குத் தெரியும். அவள் கத்துகிறவள்தான், ஆனால் இதைச் சொல்ல மாட்டாள். ஜரீனாவும் எழுதப் போவதில்லை. எழுதி அச்சில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு எதையும் திருத்த முடியாது என்பது அவள் தொழிலில் முதலில் கற்றுக்கொண்டது. இது அலையைப் போல எழுந்த இடத்திலேயே எழுந்துகொண்டிருக்கட்டும். [அடிக்காமல் விட்ட ஒரே அலை உவமை. மன்னியுங்கள்.]

நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நேராக நின்றால், யாரோ பின்னாலிருந்து தள்ளுவார்கள்.

8

பெருநாளுக்கு வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், அந்த டேப்பை உரித்துவிடலாமா என்று ருக்ஸானா கேட்டாள். தானே மண்டியிட்டு ஒரு முனையைச் சுரண்டினாள். பட்டறை டேப் அவ்வளவு லேசில் வராது. நகம் வலிக்கிறது என்று எழுந்துவிட்டாள். தூக்கிய முனையை ஜரீனா விரலால் அழுத்தி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஹாலைத் துடைக்கிறாள். இப்போது யாரும் சுற்றிப் போவதில்லை, மாப் அதன் மேலேயே போய்வருகிறது. சோபா இன்னும் சுவரோரம் இருக்கிறது. தரையில் வலது கால்தான் முன்னால் இருக்கிறது.